முடிச்சில் எழுதிய பெயர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை பழைய டைரிகளையெல்லாம் அலமாரியிலிருந்து எடுத்து மாடியில் வெயிலில் பரப்பி வைத்தேன். வருஷத்துக்கு ஒருமுறை, பங்குனி வெயில் ஏறியதும் செய்கிற வேலை இது. இருபத்தாறு டைரிகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே பழுப்பு அட்டை, முதுகில் வருஷம் எழுதிய வெள்ளைச் சீட்டு. என் இரண்டாவது பெண் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா வடாம் காயப்போட்டிருக்காரு, காக்கா வராம பாத்துக்கோ" என்று கீழே குரல் கொடுத்தாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. மழை பெய்ததா, பால்காரர் எத்தனை மணிக்கு வந்தார், பேனாவுக்கு எந்தக் கிழமை மசி நிரப்பினேன் என்பதையெல்லாம் இத்தனை வருஷமாக எழுதிவைக்கிற மனிதனை வீட்டில் வேறு எப்படி நடத்துவார்கள்?

ஒரு டைரியில் மட்டும் ராமபாணப் பூச்சி புகுந்திருந்தது. பென்சில் முனை அளவு ஓட்டை. ஜனவரி முதல் தேதியில் நுழைந்து, ஏப்ரல் நடுவில் எங்கோ அலுத்துப்போய் நின்றிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் அதே இடம். ஒரு நாளில் மழையைத் தின்றிருக்கிறது, இன்னொரு நாளில் பால்காரரை. பிப்ரவரியில் நான் வரைந்திருந்த ஒரு படத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போயிருக்கிறது. அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாப்பிட இரண்டு தரம் கூப்பிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

ஓட்டை என்றால் எனக்குத் தவளை. தவளை என்றால் மாம்பலம். இது உங்களுக்குக் கோணலாகப் படலாம். வரிசையாகவே சொல்லப் பார்க்கிறேன். வரிசை என் குணம்தான் என்றாலும் இந்த விஷயத்தில் அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று தெரியவில்லை.

அப்போது தியாகராய நகர் புதிது. ஏரியை வடித்து, மண் கொட்டி, கோடு போட்டாற்போல் தெரு வகுத்து, வீடுகள் ஒன்றிரண்டாக எழும்பிக்கொண்டிருந்த காலம். செங்கல்பட்டிலிருந்து வந்த நான் அங்கே ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். ஏரி போய்விட்டது என்று தவளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. ஐப்பசியில் முதல் மழை விழுந்தால் போதும், மனைகளுக்குள் தேங்கிய தண்ணீரிலிருந்து ஆயிரக்கணக்கில் கூப்பிட ஆரம்பித்துவிடும். பெரிய தவளைகளின் குரல் குடத்துக்குள் பேசுவது போல இருக்கும். சின்னவை கண்ணாடிக் கோலிகளைக் கையில் குலுக்குவது போல. எதிர் வீடு இல்லை, பக்கத்து வீடு இல்லை, தவளைகள்தான் எனக்கு அக்கம்பக்கம்.

மழைக்கு மறுநாள் விடிந்ததும் காசிம் பாய் கோணிப்பையோடு வந்து நிற்பார். நான் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்த கல்லூரியின் விலங்கியல் பரிசோதனைச்சாலையில் அவர் அட்டெண்டர். சிந்தாதிரிப்பேட்டையில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். வீட்டில் உருது, வெளியில் நம்முடைய பட்டணத்துத் தமிழ். எலும்புகளைக் கம்பியில் கோத்து முழு முயலாக நிறுத்துவார். மழை இல்லாத மாதங்களில் தவளைக்காகக் கொட்டிவாக்கம் வரைக்கும் நடப்பார்.

"உங்க வூட்டாண்ட நல்ல கச்சேரி கீது சார். டிக்கெட் கூட இல்ல. நீங்க இன்னாடான்னா ஜன்னலை மூடிக்கினு தூங்குறீங்க."

"எத்தனை வேணும் பாய்?"

"புள்ளைங்க இருபத்தி ரெண்டு. உங்களுக்கு ஒண்ணு. புரொபசரு அறுக்கமாட்டாரு, அவுரு தலைக்கு ஒண்ணும் வாணாம்."

டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். பேராசிரியர் மேடையில் பேசுவார். நான் பின்னால் மெழுகுத் தட்டுகளுக்கிடையே நடந்து, மாணவர்கள் வெட்டக்கூடாத நரம்பை வெட்டும்போது அருகில் நிற்பேன். அவர்கள் வரைந்த ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மசியால் கையெழுத்துப் போடுவேன். கையில் எப்போதும் பார்மலின் வாடை. எத்தனை தரம் சீயக்காய் போட்டுக் கழுவினாலும் மத்தியானம் தயிர்சாதத்தோடு அதுவும் உள்ளே போகும். இன்றைக்கும் தயிர்சாதம் பிசையும்போது ஒரு கணம் மூக்கு அந்த வாடையைத் தேடுகிறது. இல்லை என்றதும் என்னவோ குறைகிறது.

அந்த வருஷம் பேராசிரியர் எனக்கு ஒரு பாடத்தையும் கொடுத்தார். புதன்கிழமை மத்தியானம், கடைசி மணி. உயிர்களின் வம்ச விருட்சம்: எந்தப் பிராணி எதற்கு எவ்வளவு தூரத்துச் சொந்தம் என்பதை மரமாக வரையவும், வரைந்த மரத்தைப் படிக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தப் பாடம் எடுத்தால் மயிலாப்பூர்த் தகப்பனார்கள் கடிதம் எழுதுகிறார்கள் என்று பேராசிரியருக்குச் சலிப்பு. "நீர் எடும் ஓய், உம்ம பேர் அவாளுக்குத் தெரியாது" என்றார்.

பாடப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. நிஜ மரம் போலவே பட்டையும் கணுவுமாக வரைந்து, அடியில் புழு, நடுவில் மீன், உச்சிக்கொம்பில் மனிதன். பார்த்த மாத்திரத்தில் எல்லோரும் அதை ஏணியாகப் படித்தார்கள். வரதன் என்று ஒரு மாணவன். வக்கீல் வீட்டுப் பிள்ளை. கேள்வி கேட்காமல் அவனால் ஒரு மணி நேரம் இருக்க முடியாது.

"சார், குரங்கு நமக்குத் தாத்தான்னா, மிருகக்காட்சிசாலையில இருக்குற குரங்கும் ஒரு நாள் மனுஷனாயி இங்க வந்து சேருமா?"

"சேர்ந்தா அதுவும் உன்னை மாதிரி அடுத்தவன் ரெக்கார்டைப் பாத்துத்தான் வரையும்" என்றேன். இது பின்னால் எனக்கே திரும்பி வரும் என்று அப்போது தெரியாது.

தாத்தா என்ற சொல்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மறு வாரம் போய், குரங்கு தாத்தா இல்லை, பங்காளி என்றேன். இன்று உயிரோடு இருக்கிற எதுவும் இன்னொன்றுக்குத் தாத்தா ஆகாது. தாத்தா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆயிற்று. இருப்பவர்கள் எல்லோரும் பங்காளிகள், ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட, ஆயிரம் விட்ட பங்காளிகள். வகுப்புக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வரதனுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"பங்காளின்னா பாகப்பிரிவினைக்குக் கேஸ் போடலாமா சார்?"

"யார் போடறது, நீயா, குரங்கா?"

"அப்பா கிட்ட கேட்டுச் சொல்றேன் சார். குரங்கு வாய்தாவுக்கு வருமான்னு தெரியணும்."

இன்னொரு தொல்லை இருந்தது. காகிதத்தில் எது எதன் பக்கத்தில் இருக்கிறதோ அவை இரண்டும் நெருங்கிய சொந்தம் என்று நினைத்தார்கள். கிளைகளை இடம் வலமாகத் திருப்பிப் போட்டால் மரம் மாறிவிட்டது என்றார்கள். அதற்காக நான் ஒரு வேலை செய்தேன். தென்னை ஈர்க்குச்சிகளையும் நூலையும் கொண்டு மரத்தைத் தலைகீழாகக் கட்டி, பழைய பங்கா விசிறி தொங்கிய கொக்கியிலிருந்து தொங்கவிட்டேன். மேலே ஆதி. அங்கிருந்து ஒரு நூல் இறங்கி ஒரு முடிச்சில் இரண்டாகப் பிரியும். அவை மறுபடி வேறு முடிச்சுகளில் பிரியும். நூலின் நுனிகளில் அட்டையில் வெட்டிய மீன், தவளை, ஓணான், புறா, முயல், மனிதன். அட்டை வெட்டியது காசிம் பாய். தொங்கவிட்டதும் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, தொட்டிலுக்கு மேல கட்ற குருவியா? வூட்ல விசேஷமா?"

"கல்யாணமே ஆகலை பாய்."

"அதான் கேக்குறேன். அதுக்குள்ள குருவி கட்டிக்கினு கீறீங்களே."

மூன்று மணிக்குக் கடல்காற்று எழும். ஜன்னல் வழியாக வந்து குச்சிகளை மெதுவாகச் சுற்றும். மீனும் புறாவும் மூக்கோடு மூக்கு உரசிவிட்டுப் பிரியும். தவளை முயலின் முதுகுப்பக்கம் போகும். பக்கத்தில் வந்துவிட்டதால் சொந்தமாகிவிடாது, நூலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி எந்த முடிச்சில் பிரிந்தது என்று பாருங்கள், அதுதான் உறவு என்பேன். இருபத்திரண்டு தலைகள் அண்ணாந்திருக்கும். அந்தக் காற்றை நினைத்தால் இப்போதும் கழுத்தைப் பின்னால் சாய்த்துக்கொள்கிறேன்.

அந்தத் தலைகளில் ஒன்று வேதவல்லியுடையது. வகுப்பில் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். ஒருத்தி கார்த்திகையில் கல்யாணமாகிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு முன்வரிசைப் பெஞ்சில் இவள் மட்டும்தான். மயிலாப்பூரில் குளத்தை ஒட்டிய தெரு, கோர்ட்டில் வேலை பார்க்கிற தகப்பனார். ஜட்கா வண்டியில் வருவாள். என்னோடு பேசியது வருஷம் முழுவதும் சேர்த்துப் பத்து வாக்கியம் இருக்கலாம். அதில் ஒன்று அந்த நூல் மரத்தைப் பற்றியது.

"சார், அந்த முடிச்சுல யாரு இருந்தா?"

"இருந்து போன ஏதோ ஒரு பிராணி. இப்போ இல்லை."

"அதுக்கு அட்டை கட்டலியே?"

"கட்டக்கூடாது. நமக்கு நுனிகள்தான் தெரியும். முடிச்சுல யாரையாவது கட்டினா, தெரியாததைத் தெரியும்னு சொன்ன மாதிரி ஆயிடும்."

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பேர் தெரியாதவாளுக்காக ஒரு முடிச்சு" என்றாள். என்னிடம் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா தெரியாது. டைரியில் எழுதிவைத்தேன்.

டைரியில் வேறு சிலவும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அந்த வருஷத்தைப் புரட்டியபோது கண்டுபிடித்தேன். 'ஜட்கா 9.42.' 'ஜட்கா 9.38.' 'ஜட்கா வரவில்லை.' வாரத்துக்கு ஐந்து நாள், மாதக்கணக்கில். ஊரில் எத்தனையோ ஜட்காக்கள் ஓடின, எனக்கு அந்த ஒன்றின் நேரம்தான் தேவைப்பட்டிருக்கிறது. ஏன் என்று அந்த வாலிபன் தன்னைக் கேட்டுக்கொண்டதாக ஒரு வரி கூட இல்லை. நேரத்தைக் குறித்தான், மூடிவைத்தான்.

பிப்ரவரியில் ரெக்கார்டு நோட்டுகள் கையெழுத்துக்கு வந்தன. தவளையின் ரத்தக்குழாய்ப் படத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். நாலாவது நோட்டில் இடது சிறுநீரகத்தின் பக்கத்தில் ஒரு கரும்புள்ளி. தவளைக்கு அந்த இடத்தில் ஒன்றுமே கிடையாது. மசி தெறித்தது என்று விட்டேன். ஏழாவது நோட்டிலும் அதே இடத்தில் அதே புள்ளி. பதினொன்றாவதில் அது சின்ன வட்டமாக வளர்ந்திருந்தது. வரதனுடைய நோட்டில் அந்த வட்டத்திலிருந்து ஒரு கோடு இழுத்து 'சுரப்பி' என்று பெயரே வைத்திருந்தான். படைத்தவனுக்கே தெரியாத ஓர் உறுப்பு.

இருபத்தொன்றில் ஒன்பது நோட்டுகளில் அது இருந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்திருக்கிறார்கள். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. என் பாடமே நோட்டுகளாக வந்து மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. தப்பும் பரம்பரையாக இறங்கும். புள்ளி உள்ளவை எல்லாம் ஒரு குடும்பம். அதில் வட்டம் உள்ளவை ஒரு கிளை. வட்டத்துக்குப் பெயரும் உள்ளவை அதற்குள் ஒரு சின்னக் கிளை. எழுத்துப்பிழைகளையும் ரத்தக்குழாய்களின் எண்ணிக்கையையும்கூட அட்டவணை போட்டேன். இரண்டு நாள் மாலை உட்கார்ந்து ஒன்பது பேரையும் ஒரு மரமாக வரைந்தேன். வெள்ளை ஷீட்டில் ஒன்று, டைரியில் சிறியதாக ஒன்று, இரண்டின் ஓரத்திலும் அந்த அட்டவணை. இவ்வளவு அழகாக ஒரு மரம் அதற்கு முன்னால் நான் கட்டியதில்லை.

ஆனால் பேராசிரியருக்கு மரம் தேவையில்லை. அவருக்கு ஒரு சட்டம் இருந்தது: பார்த்து வரைந்தவன் மறுபடி வரையவேண்டும், வரையக் கொடுத்தவனுக்கு டெர்ம் சர்டிபிகேட் கிடையாது. சர்டிபிகேட் இல்லாவிட்டால் பரீட்சை இல்லை. "மூலம் எது ஓய்?" என்றார்.

ஒன்பதில் எட்டு நோட்டுகளில் வட்டமோ பெயரோ எழுத்துப்பிழையோ ஏதாவது ஒன்று கூடியிருந்தது. ஒன்றில் மட்டும் புள்ளி புள்ளியாகவே, ஊசி குத்தியது போல இருந்தது. எழுத்தில் பிழை இல்லை, கோடு சுத்தம். அது வேதவல்லியின் நோட்டு. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளம்பியிருக்கவேண்டும் என்று முடிவு செய்தேன். ஷீட்டில் எல்லாக் கோடுகளும் பிரிகிற அந்த முதல் முடிச்சில் அவள் பெயரை எழுதினேன்.

தயங்கினேனா என்று கேட்பீர்கள். இல்லை. தயங்கிவிடக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். வேறு யாருடைய பெயராக இருந்தாலும் இன்னொரு முறை சரிபார்த்திருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன். அவள் பெயர் என்பதால் சரிபார்ப்பது சலுகை போலத் தோன்றியது.

மறுநாள் அவளைப் பரிசோதனைச்சாலைக்கு வரச்சொன்னேன். காசிம் பாய் இல்லை. மகளுடைய கல்யாணத்துக்காக மூன்று வாரம் லீவில் ஆம்பூர் போயிருந்தார். கதவு இரண்டும் திறந்திருந்தன. ஷீட் மேஜைமேல்.

"இந்த நோட்டை யாருக்குக் கொடுத்தீங்க?"

"யாருக்கும் குடுக்கலை சார்."

"தவளை அறுத்த அன்னிக்கு நீங்க வரலை. ரிஜிஸ்டர்ல இருக்கு. எதைப் பாத்து வரைஞ்சீங்க?"

அவள் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

"ஏன் வரலை?"

அவள் முகம் சிவந்தது. அதைக் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். ஷீட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினேன். அவள் குனிந்து, விரலால் தொடாமல், கண்ணாலேயே ஒவ்வொரு கோடாக மேலே ஏறிப்போய் இறங்கினாள். நிறைய நேரம் ஆயிற்று. பிறகு நிமிர்ந்து சொன்னாள்:

"இன்னொரு தரம் பாருங்கோ சார்."

"பாத்துட்டேன்."

"சரி சார்" என்றாள். நோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

பூச்சி தொட்ட பக்கம் அதுதான். படத்தின் கீழே என் கையெழுத்தில் மூன்று சொற்கள்: 'கெஞ்சினாள். நான் இணங்கவில்லை.'

ஒரு பெண் பையன்களுக்கு நோட்டுக் கொடுத்தாள் என்பது அந்த நாளில் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பேராசிரியர் அவள் தகப்பனாருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் டைரியில் 'ஜட்கா வரவில்லை.' அதற்கு மறுநாளும். எட்டுப் பையன்களும் முணுமுணுத்துக்கொண்டே தவளையை மறுபடி வரைந்தார்கள். "என் சுரப்பியை எடுத்துட்டீங்களே சார், தவளை பொழைக்குமா?" என்றான் வரதன். நானும் சிரித்தேன்.

மூன்று வாரம் கழித்துக் காசிம் பாய் கல்யாண மிட்டாயோடு வந்தார். முன்பெஞ்சைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு எங்க சார்?"

சொன்னேன். மிட்டாய்ப் பொட்டலத்தை ஜன்னலில் வைத்துவிட்டு எலும்பு அலமாரிக்குப் போனார். அடித்தட்டில் கைவிட்டு ஒரு பழைய ரெக்கார்டு நோட்டை எடுத்து என் முன்னால் போட்டார். எப்போதோ படித்துப்போன மாணவனுடையது. முதல் பக்கம் இல்லை, பெயரும் இல்லை.

"நான்தான் சார் குடுத்தேன். மாசாமாசம் மூணு நாளு அதால வரமுடியாது. மூணு பொண்ணு பெத்தவன், எனக்குத் தெரியாதா? வூட்ல வெளிய விடமாட்டாங்க. வுட்டுப்போனதை வரைஞ்சுக்கம்மான்னு இத்தக் குடுத்தேன். பின்னால ரெண்டு பசங்க கேட்டானுங்க. அவனுங்களுக்கும் குடுத்தேன். அவனுங்க கிட்ட இருந்து மத்தவனுங்க வாங்கிக்கினானுங்க போல கீது."

"அவங்க ஏன் சொல்லலை?"

"சொன்னா என் வேலை இன்னா ஆவும் சார்?"

பையன்கள் இருவரும் அவருக்காக வாயை மூடினார்களா, தங்களுக்காகவா தெரியாது. அவள் யாருக்காக மூடினாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தவளைப் பக்கத்தைப் பிரித்தேன். இடது சிறுநீரகத்தின் அருகில் ராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டை. அதன் வழியாக அடுத்த பக்கத்து மசி கறுப்பாகத் தெரிந்தது. புரட்டினேன். மண்புழு, கரப்பான், நத்தை, எல்லாப் பக்கத்திலும் அதே இடத்தில் ஓட்டை. அங்கெல்லாம் வெற்றுத்தாளில் விழுந்திருந்ததால் யாரும் வரையவில்லை. ஒன்பது பேருக்கும் மூலம் இது. வகுப்பில் யாரும் யாருக்கும் தாத்தா இல்லை. எல்லோரும் பங்காளிகள். அவளும் மற்ற எட்டுப் பேரைப் போல ஒரு நுனி. மறுபடி வரைந்திருந்தால் முடிந்திருக்கும்.

அப்போது டைரியை எடுத்து என் அட்டவணையைப் பார்த்தேன். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய்கள்: எட்டு நோட்டுகளிலும் ஐந்து ஐந்து. பழைய நோட்டிலும் ஐந்து. வேதவல்லியின் நோட்டில் நான்கு. ஒன்றை அவள் விட்டுவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் வரைந்திருந்தால் எல்லோருக்கும் நான்குதான் இருக்கவேண்டும். நானே எண்ணி, நானே கட்டம் போட்டு, சிவப்பு மசியில் எழுதியது. எண்ணியவன் படிக்கவில்லை. பழைய நோட்டே வேண்டாம், காசிம் பாயின் பெயரே வெளியில் வரவேண்டாம், அந்தக் கட்டம் ஒன்று போதும் அவளைக் காப்பாற்ற.

அவள் அன்று அந்த ஷீட்டில் ஏறி இறங்கிப் பார்த்தது இதைத்தான். முடிச்சில் தன் பெயரைப் பார்த்திருக்கிறாள். ஓரத்தில் நான் குறித்திருந்த நான்கையும் ஐந்தையும் பார்த்திருக்கிறாள். மற்றதைச் சொல்ல அவளுக்கு வழியில்லை. ஏன் வரவில்லை என்று என்னிடம் சொல்ல முடியாது. யார் கொடுத்தது என்று சொல்லக்கூடாது. சொல்லக்கூடியதை மட்டும் சொன்னாள். நான் அதைக் கெஞ்சல் என்று எழுதிவைத்தேன்.

ஷீட்டை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினேன். பொறுமையாகக் கேட்டார். "நன்னாயிருக்கு ஓய். போன திங்கட்கிழமை வந்து சொல்லியிருக்கப்படாதோ? பரீட்சைக்கு லிஸ்ட் போயாச்சே" என்றார்.

அங்கிருந்து டிராமைப் பிடித்து மயிலாப்பூர். தெரு தெரியும், வீடு தெரியாது; கேட்டுக்கொண்டு போனேன். கதவில் பூட்டு. அடுத்த வீட்டு அம்மாள் கொடியில் புடவை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அவா காலி பண்ணிண்டு போயாச்சே. பம்பாய்ல பிள்ளையாத்துக்கு. நீங்க யாரு?"

"காலேஜ்லேருந்து வரேன்."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னும் என்ன பாக்கி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் புடவையின் மறுநுனியை இழுத்து விட்டார். குளத்தைச் சுற்றி நடந்தேன். எத்தனை சுற்று என்று டைரியில் இருந்தது. அந்த எண்ணை மட்டும் பூச்சி தின்றுவிட்டது.

அன்று மாலை ஷீட்டில் முடிச்சிலிருந்த பெயரை அழித்தேன். டைரியில் அழிக்கவில்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவது என் பழக்கம்.

காசிம் பாய் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. பரிசோதனைச்சாலையை இடித்துக் கட்டினார்கள். பங்கா கொக்கி அதோடு போயிற்று. டிராம் தண்டவாளங்களையும் பெயர்த்துவிட்டார்கள். தியாகராய நகரில் எங்கள் வீட்டைச் சுற்றி இப்போது நாலு பக்கமும் வீடுகள். போன ஐப்பசியில் நல்ல மழை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு தவளை கூடக் கூப்பிடவில்லை. வகுப்புக்குத் தவளை இப்போது வெளியூரிலிருந்து பெட்டியில் வருகிறது. இரண்டு பெண்களுக்குத் தகப்பனான பிறகு, பழைய வருகைப் பதிவை மனத்தில் புரட்டும்போதெல்லாம் மாதத்துக்கு மூன்று கட்டம் வெறுமையாக வந்து நிற்கிறது.

ஒன்று மட்டும் தங்கியிருக்கிறது. என் மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னைப் போலப் பேசிக்காட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, யாருடைய படத்தின் மேலாவது குனிந்து, "இன்னொரு தரம் பாருங்கோ" என்பார்கள். சுற்றிலும் சிரிப்பு எழும். அவர்களுக்கு ஒரு புதிர்: செங்கல்பட்டுக்காரர், வீட்டில் யாரும் இப்படிப் பேசுகிறவர்கள் இல்லை, இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் எங்கிருந்து அந்த 'ங்கோ' வந்து ஒட்டிக்கொண்டது? எங்கிருந்து என்று நான் சொன்னதில்லை. போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் பாடம் நடத்துகிற அடையாற்றுப் பள்ளிக்குப் போயிருந்தேன். வகுப்பு வாசலில் நின்றேன். அவன் ஒரு சிறுமியின் நோட்டின்மேல் குனிந்து அதையே சொன்னான், கேலி இல்லாமல், பழக்கமாக, அதே 'ங்கோ'வோடு. அந்தச் சிறுமி ரப்பரை எடுத்துக்கொண்டே பக்கத்திலிருந்தவளிடம் திரும்பி, அவள் நோட்டைக் காட்டி, அதே வாக்கியத்தைச் சொன்னாள்.